தந்தி வந்த திதி

ரொறன்ரோவில் நான் கண்விழித்த முதல் காலையில் மாமி பல்கனியில் நின்று ஒரு பறவையோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சேலை, அதற்கு மேல் என் தங்கையின் கணவருடைய பழைய குளிர் ஜாக்கெட், தலையில் கம்பளித் தொப்பி. சனிக்கிழமை விரதமாதலால் வாழையிலைத் துண்டொன்றில் காகத்துக்குச் சோறு வைத்திருந்தார். வந்திறங்கியதோ ஏரிப் பக்கமிருந்து வந்த பெரிய வெள்ளைப் பறவை.

“போ அங்கால! உனக்கில்லை உது,” என்று தும்புத்தடியை ஓங்கினார். அது அசையவில்லை. சோற்றை நிதானமாகத் தின்று முடித்துவிட்டுத்தான் போனது.

“இந்த ஊரில காகமும் எங்களை மாதிரித்தான் ராசன், எண்ணி ஒண்டு ரெண்டு,” என்றார் மாமி. பறவைகளுக்குச் சாப்பாடு வைக்கக்கூடாது என்று அந்தக் கட்டடத்தின் லிப்டில் ஆங்கிலத்திலும் தமிழிலும் அறிவித்தல் ஒட்டியிருந்ததை நான் முதல் நாளே பார்த்திருந்தேன். தமிழில் ஒட்டியது மாமிக்காகத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மாமி என்றால் என் அப்பாவின் தங்கை நாகேஸ்வரி. பதினெட்டு வயதில் கலியாணம், இருபத்தொரு வயதில் தாலி கழற்றியாயிற்று. பிள்ளை இல்லை. அப்பா தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். எங்கள் அம்மா இறந்தபின் என்னையும் தங்கை வசந்தியையும் வளர்த்தது மாமிதான். நாட்டில் சண்டை தொடங்கி, நான் சென்னைக்கும் வசந்தி கனடாவுக்குமாகச் சிதறிய பிறகு, வசந்தி மாமியைத் தன்னோடு எடுத்துக்கொண்டாள். இப்போது மோர்னிங்சைட்டில், ஒன்பதாம் மாடியில் இருக்கிறார்கள். நான் போனது தொண்ணூற்றாறாம் ஆண்டு மே மாதம். வசந்தம் என்று சொன்னார்கள். எனக்கு இரண்டு சுவெட்டர் போதவில்லை.

“தந்தி வந்த திதி வாற வியாழக்கிழமை,” என்றார் மாமி தேத்தண்ணீரை என் முன்னால் வைத்து. “ஐயருக்குச் சொல்லியாச்சு. இந்த முறை நீ நிக்கிறாய். உன்ர கையால எள்ளுந் தண்ணியும் இறைச்சுவிடு. வசந்தியின்ர மனிசனுக்கு மந்திரம் ஒண்டும் வாயில வராது.”

மாமியின் கணவர் சங்கரப்பிள்ளை பிரிட்டிஷ் பட்டாளத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து எகிப்துக்குப் போனவர். இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவில் ஒரு நாள் தந்தி வந்தது. பாலைவனச் சண்டையில் காணாமற்போய்விட்டார், இறந்திருக்கக்கூடும் என்று. ஒரு வருடம் பார்த்திருந்தார்கள். பிறகு, செத்த நாள் தெரியாததால், தந்தி வந்த நாளின் திதியையே அவர் இறந்த திதியாக வைத்துக் கருமாதி செய்தார்கள். அன்றிலிருந்து அந்தத் திதியில் வருடந்தோறும் திவசம். எங்கள் வீடு எரிந்த வருடத்தில்கூட மாமி அதை விடவில்லை.

“ஓம் மாமி,” என்றேன். என் பையில் இருந்த கடிதம் பற்றி அவருக்குத் தெரியாது.

அந்தக் கடிதத்தை எழுதியவள் மோரா என்ற பெண். ரொறன்ரோவில் இருந்துகொண்டு எங்கள் ஊரான கொக்குவிலின் தபால் அதிபருக்கு எழுதியிருந்தாள். யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த காலம் அது. கடிதம் கொழும்புக்குப் போய், யாரோ ஒரு புண்ணியவான் முகவரி மாற்றி, ஏழு மாதம் கழித்துச் சென்னையில் என்னிடம் வந்து சேர்ந்தது. தனக்கு இப்போது நாற்பத்தாறு வயது, தன் தகப்பன் சங்கரப்பிள்ளை, கொக்குவிலைச் சேர்ந்தவர், இராணுவ எழுதுவினைஞர், தனக்குப் பதினெட்டு வயதாயிருக்கையில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் இறந்தார், அவருடைய உறவினர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தாள். கூட்டிக் கழித்துப் பார்த்தேன். தந்தி வந்ததற்குப் பிறகு இருபத்தாறு வருடம் அந்த ஆள் உயிரோடு இருந்திருக்கிறார்.

நான் முப்பத்திரண்டு வருடம் காணிப் பதிவுக் கந்தோரில் குந்தியிருந்தவன். ஒரே ஊர், ஒரே பெயர், இரண்டு ஆட்கள் என்பது எனக்குப் புதிதல்ல. இது வேறு சங்கரப்பிள்ளை. அதை வியாழக்கிழமைக்கு முன் உறுதிப்படுத்திவிட்டு நிம்மதியாகத் திவசத்தில் உட்காரலாம் என்றுதான் வந்தேன். உறுதிப்படாவிட்டால்? உயிரோடிருந்த மனிதனுக்காக மாமி பொட்டழித்தார், ஊரில் நடந்த ஒரு கலியாணத்திலும் முன்னால் வராமல் அறைக்குள் இருந்தார், எள்ளும் தண்ணீரும் இறைத்தார் என்று ஆகும். அதை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். இங்கே ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஒரு காகிதத் துண்டு தருவார்கள். குளிர் தாங்காமல் இடையில் இறங்கி ஒரு டோனட் கடையில் கோப்பி குடித்துவிட்டு, அதே துண்டைக் காட்டி அடுத்த பஸ்ஸில் ஏறப் போனேன். சாரதி தலையை ஆட்டினார். “ஐயா, இது பயணம் தொடர்வதற்கு. இறங்கி விருந்து சாப்பிடுவதற்கு அல்ல.” எங்கள் ஊர் கொண்டக்டர் என்றால் இதையே கத்திச் சொல்லியிருப்பான். இவர் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

கென்னடி நிலையத்தில் சுரங்க ரயில் ஏறி, மோராவுக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி இருந்தேன். ரயில் திடீரென்று வெளிச்சத்துக்கு வந்து ஒரு பள்ளத்தாக்கின் மேல் பாலத்தில் ஓடியபோதுதான் இறங்கவேண்டிய இடம் ஐந்தாறு நிலையம் பின்னால் போய்விட்டது தெரிந்தது. திரும்பி வந்து டான்ஃபோர்த் வீதியில் அவள் வீட்டைக் கண்டுபிடித்தபோது ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தது.

கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் என் வழக்கில் பாதி தோற்றுவிட்டது. உயரமானவள், சாம்பல் நிறக் கண்கள், நிறம் எங்கள் நிறம். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய கலியாணப் படத்தில் மாமாவின் இரண்டு புருவங்களும் நடுவில் ஒன்றாய்ச் சேர்ந்திருக்கும். அதே புருவங்கள் இவள் நெற்றியில் இருந்தன.

பால் விட்ட கடுந்தேநீரும், உருளைக்கிழங்கில் தட்டிச் சுட்ட ரொட்டியும் தந்தாள். “அப்பா இதன்மேல் மிளகாய்த்தூள் தூவிச் சாப்பிடுவார். அம்மா திட்டுவார்,” என்றாள். அவள் பேசியது ஆங்கிலம். எனக்கு நினைவிருக்கிறபடி தமிழில் எழுதுகிறேன். பெல்ஃபாஸ்டில் குண்டு வெடிக்கத் தொடங்கிய காலத்தில் கனடாவுக்கு வந்தவள். ஒரு வைத்தியசாலையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தாய் இறந்தபின் தகப்பனின் ஆட்களைத் தேடத் தொடங்கி, மகள் என்ற உரிமையில் அவருடைய இராணுவக் கோப்பின் பிரதியை இங்கிலாந்திலிருந்து எடுத்திருந்தாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பழைய கந்தோர்க்காரனாக அதைப் படித்தேன். தகப்பன் பெயர் சரி, ஊர் சரி, பிறந்த திகதி சரி. லிபியாவில் பிடிபட்டு, இத்தாலியிலும் ஜெர்மனியிலும் சிறைமுகாம்களில் இருந்திருக்கிறார். யுத்தம் முடிந்ததும் நெஞ்சில் நோயோடு பெல்ஃபாஸ்டுக்கு வெளியே ஓர் இராணுவ வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டிருக்கிறார். முகாமிலிருந்து அவர் எழுதிய ஒன்றும் எங்களுக்கு வந்து சேரவில்லை. நெருங்கிய உறவினர் என்ற நிரலில் ‘மனைவி நாகேஸ்வரி’ என்றிருந்தது. அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘இறந்துவிட்டார்’.

அடுத்த தாள் திருமணப் பதிவு. மணமகன் நிலை: மனைவியை இழந்தவர்.

“பொய்!” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. “பச்சைப் பொய். உங்கள் தகப்பன் உங்கள் தாயைக் கட்டுவதற்காகச் சொன்ன பொய். நாகேஸ்வரி நேற்றுக் காலை பல்கனியில் பறவை விரட்டினார். இந்த ஊரில்தான் இருக்கிறார்.”

மோரா திருமணப் பதிவைக் கையில் எடுத்தாள். “அம்மா இதைக் கேட்காமல் போய்ச் சேர்ந்தது நல்லது,” என்றாள். பிறகு, “என் அப்பா பொய் சொல்லமாட்டார்,” என்றாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. தேநீரைக் குடித்து முடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவளே தொலைபேசி எடுத்தாள். பிரதியை நம்பாவிட்டால் பதிவையே பார்க்கலாம் என்றாள். ஒரு தேவாலயத்தின் நிலவறையில் குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கென்று ஓர் அறை இருக்கிறதாம். அயர்லாந்துப் பதிவேடுகளின் அட்டவணையைப் படச்சுருளில் அங்கே வருவித்து வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை போனோம்.

பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் நரைத்தவர்கள், இருட்டில் கருவிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு செத்தவர்களைத் தேடினார்கள். ஒரு பெண் கண்டுபிடித்துவிட்டாள் போலும், “இதோ இருக்கிறார்!” என்று கத்தினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். காது கேட்கும் கருவி மாட்டிய தொண்டர் ஒருவர் எங்களுக்குச் சுருளை மாட்டித் தந்தார். நான் இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றதும் என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார். அவருடைய பாட்டனார் ஐரிஷ் படையணி ஒன்றில் இருந்து திருச்சிராப்பள்ளியில் காய்ச்சலில் இறந்தவராம். “அந்தக் கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறதா?” என்று கேட்டார். திருச்சியில் அப்படி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே ஆடுகள் மேய்கின்றன என்று சொன்னேன். “ஆடுகளா? நல்லது, நல்லது,” என்று கண் கலங்கிச் சிரித்தார்.

திருமணப் பதிவு அட்டவணையில் இருந்தது. ஒரு குறையும் இல்லை. நான் கோப்பின் பிரதியை மறுபடி எடுத்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்டரும் எட்டிப் பார்த்தார்.

“நான் பட்டாளத்தில் சம்பளப் பிரிவில் இருந்தவன்,” என்றார். “அந்தக் கோட்டை எந்த எழுத்தரும் ஆளின் வாய்ச்சொல்லை நம்பிப் போடமாட்டார். கையில் ஒரு காகிதம் இருந்திருக்கவேண்டும்.”

எனக்குச் சுரீர் என்றது. முப்பத்திரண்டு வருடத்தில் நானும் ஆதாரக் கடிதம் இல்லாமல் ஒரு பெயரை வெட்டியதில்லை. இதை ஒரு கிழவர் எனக்குச் சொல்லித் தரவேண்டியிருந்தது. மோராவிடம் திரும்பி, தகப்பனின் சாமான்களில் ஏதாவது கடிதம் இருந்ததா என்று கேட்டேன்.

“ஒன்று,” என்றாள். “ஞாயிறன்று காட்ட எடுத்து வைத்திருந்தேன். நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். அது உங்கள் மொழியில் இருக்கிறது. அப்பாவின் ஆட்கள் அல்லாத ஒருவரிடம் அதை வாசிக்கக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.”

எதிரில் இருந்த டோனட் கடையில் போய் உட்கார்ந்தோம். பிளாஸ்டிக் உறையிலிருந்து நான்காய் மடித்த நீலத்தாளை எடுத்தாள். பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது. வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. பந்தி தொடங்கும் ஒவ்வோரிடத்திலும் ஒரு சின்னக் கோடு. எனக்கு ஏடு தொடக்கிக் கைபிடித்து எழுதப் பழக்கிய கை. அப்பாவின் கை.

‘அன்புள்ள மைத்துனருக்கு, உமது கடிதம் கிடைத்தது. நீர் உயிருடன் இருப்பது அறிந்து கடவுளுக்கு நன்றி சொன்னேன். உமக்குக் கசம் கண்டிருப்பதாகவும், சற்றுத் தேறியதும் கப்பலேறுவதாகவும் எழுதியிருந்தீர். உம்மை நினைத்த துக்கத்தால் மெலிந்திருந்த நாகேஸ்வரி சென்ற மாசியில் நெருப்புக் காய்ச்சலில் காலமாகிவிட்டாள். இங்கே நீர் வந்து பார்ப்பதற்கு இனி யாருமில்லை. அங்கே நல்ல வைத்தியர்கள் உண்டு. அங்கேயே இருந்து சுகம் பெறவும்.’

கசம் என்று எங்கள் ஊரில் சொல்வது காசநோயை. நான் அதை வரிவரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். எழுதியவர் யார் என்பதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் தகப்பனைப் பொய்யன் என்று சொன்ன வாய் இது.

அப்பாமேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கோப்பி ஆறிப்போனது. பிறகுதான் சின்னையாவின் நினைவு வந்தது. அப்பாவின் தம்பி. கசம் வந்து கிடந்தவர். அவரைப் பக்கத்தில் இருந்து பார்த்த அப்பாவின் தாய், அவர் செத்து ஆறு மாதத்தில் அதே இருமலோடு போனார். கசத்துக்கு மருந்தில்லாத காலம். மைத்துனர் எப்படியும் சாகப் போகிறார் என்று அப்பா நினைத்திருக்கிறார். அவர் திரும்பி வந்தால் தங்கை பக்கத்திலேயே இருப்பாள், அவளும் போவாள். ஒருமுறை அழுது தாலி கழற்றியவளை இன்னொரு சாவுக்கு உட்காரவைக்க அவருக்கு மனம் வரவில்லை. இரண்டொரு வருடத்தில் அந்த நோய்க்கு மருந்து வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மருந்து வந்தது, மாமா பிழைத்தார், தன்னைப் பார்த்துக்கொண்ட தாதியை, மோராவின் தாயை, கட்டினார். இதில் யாரைப் போய்க் குற்றம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மாமாவின் திவசத்தன்று அப்பா சாப்பிடமாட்டார். காகத்துக்கான சோற்றை அவரேதான் பின் வளவுக்குக் கொண்டுபோவார். திரும்பி வந்து “காகம் எடுத்திட்டுது, நீங்கள் சாப்பிடுங்கோ” என்பார். பிறகு வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மைத்துனரோடு பழைய மனஸ்தாபம் என்று நான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

“காகமா?” என்றாள் மோரா. முகம் மாறியது. “அப்பாவுக்கும் ஒரு நாள் இருந்தது. வருடத்தில் ஒரு நாள் அவரே சமைப்பார். இறைச்சி கிடையாது. பின் மதிலில் ஓர் இலையில் சோறு வைப்பார். காகம் வரும்வரை ஒருவரும் சாப்பிடக்கூடாது. முதல் மனைவிக்கு என்பார். நாங்கள் அதைக் காக நாள் என்று சொல்லுவோம்.”

அது எந்தத் திகதி என்று கேட்டேன்.

“ஒவ்வொரு வருடமும் மாறும். நிலாவை வைத்து ஏதோ விரலில் எண்ணுவார்.”

புதன்கிழமை வசந்தியும் கணவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். மாமி மறுநாள் திவசத்துக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். சொல்வதா விடுவதா என்று நான் இரண்டு தரம் கழிப்பறைக்குப் போய் வந்தேன். மாமிக்கு எழுபத்துநாலு வயது. இன்னும் ஒருமுறை ஏன் அழவைக்கவேண்டும் என்று தோன்றியது. அப்பாவும் அந்த நீலத்தாளை எடுத்தபோது இப்படித்தான் நினைத்திருப்பார் என்பது உறைத்ததும், எதிரில் நிலத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மோரா தந்துவிட்ட கடிதத்தையும் வாசித்தேன்.

மாமி கத்தியைக் கீழே வைக்கவில்லை. வாழைக்காய் கறுக்கத் தொடங்கியது.

“நெருப்புக் காய்ச்சலோ எனக்கு?” என்றார் கடைசியில்.

“ஓம் மாமி.”

“அண்ணை அண்டைக்குச் சாப்பிடுறதில்லை. ஏன் அண்ணை எண்டு எத்தினை தரம் கேட்டிருப்பன்.” அதன்பிறகுதான் அழுதார். அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. “பாவி. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நான் போய் அந்தாளுக்குப் பக்கத்தில இருந்து செத்திருப்பன்தான். அது என்ர விருப்பமெல்லோ.”

நானும் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அழுது முடிந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஐயரை நாளைக்கு வரவேண்டாமெண்டு சொல்லு. அது அவற்ற நாளில்லை. அவர் செத்த திகதியை அந்தப் பிள்ளையிட்ட வாங்கு, திதி பாப்பம்.” பல்கனிப் பக்கம் திரும்பினார். “ராசன், எங்கட வளவில அண்டைக்கு ஒரு நாளும் நான் காகத்தைக் கண்ணால காணேல்லை. அண்ணைதான் வந்து எடுத்திட்டுது எண்டு சொல்லுறது. நீ அந்தப் பிள்ளைக்கு ரெலிபோன் எடு. ஒண்டு கேக்கோணும்.”

“என்ன மாமி?”

“அவர் எனக்கெண்டு வைச்ச சோத்தைக் காகம் எடுத்ததோ எண்டு கேள்.”

மோரா வேலையில் இருந்தாள். கூப்பிட்டுத் தந்தார்கள். கேட்டேன்.

“இல்லை,” என்றாள். “கடற்பறவைகள்தான் வரும். அப்பா விரட்டுவார். காகம் மதிலில் வந்து உட்காரும், பார்க்கும், தொடாமல் போய்விடும். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். எங்களைச் சாப்பிடச் சொல்லிவிட்டு அவர் மழையில் நிற்பார். அவளுக்கு இன்னும் என்மேல் கோபம் என்பார்.”

தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு மாமிக்குச் சொன்னேன்.

மாமி கறுத்த வாழைக்காயைத் தண்ணீருக்குள் தள்ளினார்.

“கோவமில்லை எண்டு சொல்லு,” என்றார். “நான் சாகேல்லை. அதாலதான் எண்டு சொல்லு.”

அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.